எந்த ஃபார்மட்ல வைக்க, டீச்சர்?

"எந்த ஃபார்மட்ல வைக்க, டீச்சர்? சுத்தி வளைக்காம நேரா பதில் சொல்லுங்க."

கேட்டவர் குற்றாலிங்கம். மாணவர். வயது ஐம்பத்தெட்டு.

டீச்சர் சபூராவுக்கு வயது முப்பத்திநாலு. தென்காசியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையின் மாடியில் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு டிசைன் சொல்லிக்கொடுத்துவந்தாள்.

அவள் நிமிரவில்லை.

"எதைத் தூக்கிப் போட உங்களுக்குச் சம்மதம், அண்ணாச்சி?"

"எதையும் போட எனக்குச் சம்மதம் இல்ல."

"அப்ப எதுக்கு வெட்டினிய?"

குற்றாலிங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்காலியை ஓர் உதை உதைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

சிலருக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். குற்றாலிங்கத்தின் கோபம் அவருக்கு முன்னால் நடந்துபோய்க் கதவைத் தட்டும். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேலையை விட்டு ஓய்வு பெற்றார். கோபத்தை விட்டு ஓய்வு பெறவில்லை.

ஆனால் இந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

மகன் இசக்கிராஜா இறந்து வருஷம் திரும்பப்போகிறது. பைக்கில் போனவன்மேல் லாரி ஏறிவிட்டது. தாயில்லாப் பிள்ளையாக, தனியாளாக நின்று வளர்த்த ஒரே மகன்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆளுயரத்தில் பேனர் வைக்க வேண்டும். அதில் அவன் சிரிக்க வேண்டும். உலகத்தில் குற்றாலிங்கத்துக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாகர்கோவில்காரி ஜெனிட்டாவை அவன் கட்டிக்கொண்ட சேதி வந்த அன்று, குற்றாலிங்கம் போனிலிருந்த மகன் படங்களையெல்லாம் அழித்தார். ஆல்பத்தை வெந்நீர் அடுப்புக்குள் செருகினார். பெண் வேற்று மதம். கேட்காமல் செய்த கல்யாணம். அடுப்பு எரிந்தவரைக்கும் அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

மகன் செத்த பிறகு, அவனுடைய சிநேகிதன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் இந்தப் படம். கல்யாணத்தன்று எடுத்தது. மகனுக்குப் பக்கத்தில் ஜெனிட்டா நின்றாள்.

குற்றாலிங்கம் அவளை வெட்டினார்.

வெட்டியும் அவள் முழுசாகப் போகவில்லை. மகனின் இடது தோளில் அவள் கை இருந்தது. நாலு விரலும் ஒரு மோதிரமும்.

கீழே கடையில் படத்தைப் பார்த்த டிசைனர், "இந்தக் கை யாருது, சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார். குற்றாலிங்கம் அவரை அடிக்காமல் விட்டதே பெரிய காரியம். என் மகன் முகத்தில் எவனும் கை வைக்க வேண்டாம், நானே படிக்கிறேன், நானே செய்கிறேன் என்று மாடி ஏறினார்.

அப்படித்தான் அவர் மாணவர் ஆனார்.

தினமும் வருவார். படத்தைத் திறப்பார். படத்தில் மகன் போட்டிருந்த சட்டைத்துணியில் கொஞ்சம் நகல் எடுத்து விரல்மேல் ஒட்டி, அந்தக் கையைக் கொஞ்சம் அழிப்பார். சேவ் கொடுப்பார்.

படம் நன்றாக இருக்கட்டுமா, ஃபைல் சின்னதாக இருக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். வீட்டில் இரண்டு விளக்கு சேர்ந்து எரிந்தால் ஒன்றை அணைக்கிற மனிதர் அவர். சின்னதாகவே இருக்கட்டும் என்று தள்ளுவார். பழைய படம் இருந்த இடத்தில் புதுப்படம் ஏறி உட்காரும். மறுநாள் அதையே திறப்பார்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின.

மோதிரம் போன அன்று பார்த்தார். மகனின் சிரிப்பில் கட்டம் விழுந்திருந்தது. கன்னம் சின்னச் சின்னச் சதுரமாக உடைந்திருந்தது. கண்ணைச் சுற்றி அழுக்குச் சாம்பல்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்போதுதான் நாற்காலி உதை வாங்கியது.

*

மறுநாள் காலையில் வந்தார். நாற்காலியை அவரே நிமிர்த்திப் போட்டார்.

"ஜேபெக்ல வைங்கன்னு சொன்னது நீங்கதான?"

"நான்தான்."

"ஜேபெக்லதான் வச்சேன். எம்மவன் முகம் போயிட்டுது."

"ஜேபெக் என்ன செய்யும்னு கேட்டியளா?"

"என்ன செய்யும்?"

"இது கண்ணுக்குத் தேவையில்லன்னு அதுவா ஒரு முடிவுக்கு வரும். அதைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை வச்சுக்கிடும்."

"ஒரு தடவை போடட்டும். தினமுமா போடும்?"

"நீங்க தினமும்தான சேவ் குடுத்திய."

"போட்டதைத் திருப்பிக் குடுக்காதா?"

"குடுக்காது."

குற்றாலிங்கம் மேசையைக் குத்தினார். கீபோர்டு துள்ளியது.

"எது வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்ண அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

சபூரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

குற்றாலிங்கத்துக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

*

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நாலு பேரிடம் விசாரித்தார். பிஎன்ஜி என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு புள்ளிகூடக் குறையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

உடைந்த படத்தின் பெயருக்குப் பின்னால் ஜேபெக்கின் அடையாளமாக ஜேபிஜி என்று இருந்ததை அழித்தார். பிஎன்ஜி என்று அடித்தார். திறந்தார்.

கட்டம் அப்படியே இருந்தது.

பெயரை மாற்றினால் போதாது, முறையாக மாற்ற வேண்டும் என்றார்கள். முறையாக மாற்றினார். ஃபைல் நாலு மடங்கு ஊதிற்று. மகன் முகம் ஊதவில்லை.

"டீச்சர்! பிஎன்ஜின்னு சொன்னானுவ. ஏமாத்திட்டானுவ."

சபூரா டீ குடித்துக்கொண்டிருந்தாள். காகிதக் கப்பில் பாதி மிச்சம் இருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் மோந்து குடிக்கிற பெரிய செம்பை எடுத்துவந்தாள். பாதி டீயை அதற்குள் ஊற்றினாள். அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

குற்றாலிங்கம் எட்டிப் பார்த்தார். அடியில் டீ தெரிந்தது.

"அரைக் கப்புதான இருக்கு?"

"பெரிய செம்புல்லா, அண்ணாச்சி."

அவர் செம்பைப் பிடித்துத் தள்ளினார். டீ மேசையில் ஓடியது. சபூரா துணியை எடுத்து அவரிடமே நீட்டினாள். அவரே துடைத்தார்.

துடைத்துக்கொண்டே, "டிஃப்னு ஒண்ணு இருக்காமே" என்றார்.

"இருக்கு. அது இன்னும் பெரிய செம்பு."

"ஜிஃப்?"

"போட்டுப் பாருங்க."

போட்டார். நிறங்கள் குறைந்து, மகன் முகம் திட்டுத்திட்டாகச் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல வந்தது. குற்றாலிங்கம் அதைப் பார்க்க முடியாமல் திரையை அணைத்தார்.

"எது நல்லதுன்னு சொல்லத் தெரியாத உமக்கு எதுக்கு டீச்சர்னு பேரு?"

"எல்லாம் நல்லதுதான். கேமராக்காரன் நூறு படம் அனுப்பணும்னா ஜேபெக் இல்லாம முடியாது. லோகோவுக்கு பிஎன்ஜி. அச்சுக்காரன் டிஃப் கேப்பான். ஆடுற படம்னா ஜிஃப். ஒண்ணுலயும் குத்தம் இல்ல."

"அப்ப குத்தம் எங்கிட்டங்கிறிய."

"அதை நீங்க சொல்லுதிய."

*

அடுத்த நாள் அவர் கேட்பதற்கு முன்னால் சபூரா கேட்டாள்.

"உங்க மகன் கடைசியா எப்ப வீட்டுக்கு வந்தாரு? அந்தக் கதையைச் சொல்லுங்க."

"படம் உடையுதுன்னு வந்து நிக்கேன். கதை கேக்கியளா?"

"சொல்லுங்க."

கோபத்தோடுதான் சொன்னார். சொல்லத் தொடங்கியதும் கோபம் கொஞ்சம் வழிவிட்டது.

"அன்னைக்கி நல்ல மழை. கம்பத்துல இருந்து வழுக்கிக் கால்ல கட்டோட கிடந்தேன். ரெண்டு பேரும் நனைஞ்சிட்டே வந்தாங்க. அவ கையில நேந்திரம் சிப்ஸ் பொட்டலம். பொட்டலத்தைச் சேலைக்குள்ள வச்சு, அது நனையாம கொண்டாந்திருந்தா. என்னைப் பாத்ததும், 'கால்ல என்ன, மாமா?'ன்னு கேட்டா. இவன் சிரிச்சான். நான் வெளிய போங்கன்னு சொல்லிட்டேன். கதவைச் சாத்திட்டேன்."

சபூரா கேட்டுக்கொண்டாள். "சரி. போய் உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி சண்டைக்கு வந்தார். வேறு மென்பொருள் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டார்.

"அந்தக் கதையைச் சொல்லுங்க."

"அன்னைக்கே சொன்னேன்லா?"

"இன்னொரு தடவை."

"மழையில வந்தாங்க. அவ ஏதோ பொட்டலம் கொண்டாந்தா, என்னைய வளைச்சுப் போட. வெளிய போன்னு சொல்லிட்டேன்."

"சரி."

நினைவுநாள் நெருங்கியது. கீழே கடையிலிருந்து, படம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டார்கள். குற்றாலிங்கம் அன்று படி ஏறும்போதே கத்திக்கொண்டு ஏறினார். இந்த இடத்தில் காலை வைத்ததே தப்பு, உமக்கு ஒரு மண்ணும் தெரியாது, என் பிள்ளை முகத்தை அழித்தது நீர்தான் என்றார். மற்ற மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது சபூரா சொன்னாள்.

"அந்தக் கதையைச் சொல்லுங்க."

"என்ன கதை? ஒருத்தி வந்தா. எம்பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான் கதை!"

"உங்க கால்கட்டு எப்ப அவுத்தாங்க?"

"எந்தக் கட்டு?"

கேட்டுவிட்டு அவரே நின்றார். முதல் தடவை தன் வாயால் சொன்ன கட்டு.

சபூரா காத்திருந்தாள். அவளுக்கும் கோபம் இருந்தது. குரலில்தான் தெரியவில்லை, மௌஸைப் பிடித்திருந்த கையில் தெரிந்தது.

குற்றாலிங்கம் திரையைப் பார்த்தார். மகனின் தோளில் விரல் இல்லை, மோதிரம் இல்லை. இருந்த இடத்தில் சட்டைத்துணி கசங்கி, கலங்கி, இன்னது என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அதற்கு மேலே சதுரம் சதுரமாக ஒரு முகம். இது யார் என்று தெருவில் போகிறவனைக் கேட்டால் சொல்ல மாட்டான்.

"உயிரோட இருக்கவங்க அஞ்சலிப் படத்துல நிக்கக் கூடாது" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எல்லாரும் வெட்டத்தான் செய்வாங்க. வழக்கம் அது."

"வழக்கம்தான். இந்தக் கையால நானே எத்தனையோ பேரை வெட்டியிருக்கேன்."

"பிறகென்ன?"

"நான் ஒரு காப்பி எடுத்துட்டு வெட்டுவேன், அண்ணாச்சி. முழுப்படம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் கிடக்கும். ரோட்டுல வைக்கதுக்கு ஜேபெக் போதும். வீட்டுல வைக்கதை எதுக்கு வெட்டினிய?"

குற்றாலிங்கம் தன் போனை எடுத்துத் தேய்த்துத் தேடினார்.

படத்தை அனுப்பிய சிநேகிதன் வெளிநாடு போய்ப் போனையும் மாற்றிவிட்டான். அவனிடம் இல்லை. தன் போனில் இடம் இல்லை என்று வாட்ஸ்அப்பைக் குற்றாலிங்கமே துடைத்து வைத்திருந்தார். எல்லாம் அவர் கை செய்த வேலைதான்.

அவர் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் அழுவார் என்று அந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அழுதார். அழுகையிலும் கோபம் இருந்தது, ஆனால் அது வேறு யார்மேலும் இல்லை.

"முழுசா யார்ட்ட இருக்கும், டீச்சர்?"

சபூரா திரையில் அந்தத் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க இருந்த கைகிட்ட."

*

ஜெனிட்டாவின் எண் அவரிடம் இல்லை. மகனோடு வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டு வாங்கினார். வாங்கிய பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சபூரா தன் வேலையைப் பார்ப்பதுபோல ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரில் எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அழுத்தினார்.

"யாரு?"

"நான்... ராஜா அப்பா."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டாள் என்று நினைத்தார்.

"சொல்லுங்க."

"அந்தப் படம் இருக்கா உங்கிட்ட? கல்யாணத்தன்னைக்கு எடுத்தது. அவன் சிரிப்பான்லா..."

"இருக்கு. எதுக்கு?"

"வருச நினைவுக்குப் பேனர் வைக்கணும்."

"உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே. நீங்க ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தீங்களாம். அவரோட ஃபிரெண்ட் ஒருத்தர் எனக்குக் காட்டினாரு. அவர் தோள்மேல என் கை மட்டும் தனியா கிடந்துச்சு. செத்தது நான்தானோன்னு நினைச்சேன்."

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். பழைய குற்றாலிங்கமாக இருந்தால் இந்த இடத்தில் போன் சுவரில் அடிபட்டிருக்கும்.

"யாரு வெட்டினது?" என்றாள் ஜெனிட்டா.

"நான்தான்."

"நான் குடுத்தா அதையும் வெட்டத்தான செய்வீங்க?"

பொய் சொல்லலாம். சொன்னால் படம் உடனே கிடைக்கும். சபூராவின் கை மௌஸின்மேல் அசையாமல் நின்றது.

"ரோட்டுல வைக்கதுல வெட்டுவேன்" என்றார். "உயிரோட இருக்க பிள்ளையை அதுல நிறுத்த எனக்கு மனசு வராது. வீட்டுல மாட்டுறதுல வெட்ட மாட்டேன். அது கல்யாணப் படம். முழுசா மாட்டணும்."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான்."

அதன்பிறகு ஜெனிட்டாவின் குரல் வெடித்தது.

"இப்ப வருதா உங்களுக்கு நம்ம வீடு? அன்னைக்கி அவரைக் கொண்டாந்து கிடத்தினீங்களே, அப்ப அது யார் வீடு? வாசல்ல நின்னேன். வெயில்ல நின்னேன். முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன்னு கெஞ்சினேன். காதுல விழலையா? ஆள் வச்சு கேட்டைப் பூட்டினீங்க. எம்புருசனுக்கு நான் ஒரு பிடி மண்ணு போடல. ஒரு வருசமா அந்தக் கேட்டுல நின்னுட்டுத்தான் இருக்கேன், தெரியுமா?"

குற்றாலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"படம் வேணுமோ படம்! அவரு உங்களுக்கு எத்தனை தடவை போன் போட்டாருன்னு தெரியுமா? எடுத்தீங்களா? அப்பாவுக்குக் கால் சரியாயிட்டான்னு அந்த ஃபிரெண்டுகிட்ட விசாரிச்சுட்டே இருப்பாரு..."

குரல் உடைந்தது. உடைந்தும் நிற்கவில்லை. மறுபடி ஏறியது. அவள் நிறுத்துகிற மாதிரியே தெரியவில்லை.

சபூரா எழுந்துபோய்த் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள்.

குற்றாலிங்கம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். குறுக்கே பேசவில்லை. அப்படி இல்லை என்று சொல்லவில்லை. அவள் திட்டத் திட்ட, ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டே நின்றார்.